இருள் ஆற்றல் காலத்தோடு மாறுகிறதா? உங்கள் லேப்டாப்பிலேயே சோதித்துப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

இருள் ஆற்றல் காலப்போக்கில் மாறுகிறதா என்று அளக்க அரிசோனா மலையில் தொலைநோக்கி வேண்டும், சிலியில் கேமரா வேண்டும், விண்வெளியில் செயற்கைக்கோள் வேண்டும். ஆனால் அவை எடுத்துத் தந்த அளவுகளை ஒன்றாக வைத்து "மாறுகிறது என்று சொல்ல இது போதுமா?" என்று பார்க்க, பைத்தான் ஓடுகிற ஒரு சாதாரண லேப்டாப்பும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் சரி. தரவு எல்லாமே இலவசம். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்தும் ஃபீனிக்ஸிலிருந்தும் க்வாஸூலு-நடால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் கேம்பஸுக்குப் பஸ் ஏறுகிற நம் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன், ஆனால் மேட்ரிக்கில் (பள்ளி இறுதித் தேர்வு) கணக்கை விடாமல் எடுத்த யாரும் தொடர்ந்து வரலாம். தொகையீடு என்றால் என்ன, பிழை எல்லை என்றால் என்ன என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

என் கருத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன். "4.2 சிக்மா, ஐன்ஸ்டைனின் மாறிலி காலி" என்று ஒரு வரி வாட்ஸ்அப்பில் சுற்றிச் சுற்றி வருகிறது. சிக்மா என்பது முரண் பிழை எல்லையைப்போல் எத்தனை மடங்கு என்ற அளவு. அந்த எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம், சும்மா பரபரப்பு என்று தள்ளவும் வேண்டாம். எந்தத் தரவு எந்தப் பக்கம் இழுத்ததால் அந்த எண் வந்தது என்று பிரித்துப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை. மற்றதெல்லாம் கணக்கு வேலை.

கேள்வியை எண்ணாக மாற்றுவது

1998இல் இரண்டு குழுக்கள், ஒன்றுக்கொன்று போட்டியாக, தொலைவிலிருக்கும் 1ஏ வகை சூப்பர்நோவாக்கள் (வெடிக்கும் நட்சத்திரங்கள்) எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருப்பதைக் கண்டன. பிரபஞ்சம் விரிவது மட்டுமல்ல, விரியும் வேகமும் கூடிக்கொண்டே போகிறது என்று தெரியவந்தது அப்படித்தான். பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் மூவருக்கும் 2011இல் நோபல் கிடைத்தது. வேகத்தைக் கூட்டுவது எதுவோ அதற்கு இருள் ஆற்றல் என்று பேர் வைத்தார்கள். அது என்னவென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது, ஆனால் எப்படி நடந்துகொள்கிறது என்பதை அளக்க முடியும்.

அளப்பதற்கான எண் டபிள்யூ. இருள் ஆற்றலின் அழுத்தத்தை அதன் அடர்த்தியால் வகுத்தால் வருவது. அது சரியாக மைனஸ் 1 என்றால் பிரபஞ்சம் எவ்வளவு விரிந்தாலும் இருள் ஆற்றலின் அடர்த்தி கூடாது, குறையாது: இதுதான் ஐன்ஸ்டைனின் அண்ட மாறிலி. மைனஸ் 0.8 மாதிரி கொஞ்சம் மேலே இருந்தால் விரிய விரிய அடர்த்தி மெல்லக் கரையும். மைனஸ் 1.2 மாதிரி கீழே இருந்தால் விரிய விரிய அடர்த்தி ஏறும், இதைக் கேட்டாலே கோட்பாட்டாளர்களுக்கு முகம் சுளிக்கும்.

காலத்தோடு மாறுகிறதா என்று கேட்க, டபிள்யூ ஒரு நேர்கோட்டில் மாறுவதாக வைத்துக்கொள்கிறோம். ஷெவாலியேயும் போலார்ஸ்கியும் 2001இல் எழுதிய வாய்பாடு, 2003இல் லிண்டர் பரவலாக்கியது, மூவர் பெயரின் முதலெழுத்தையும் சேர்த்து சிபிஎல் என்பார்கள். எந்தக் காலத்திலும் டபிள்யூ என்பது டபிள்யூ-0 கூட்டல் டபிள்யூ-ஏ பெருக்கல் (1 − அளவுக் காரணி). அளவுக் காரணி இன்றைக்கு 1, பிரபஞ்சம் இன்றைய அளவில் பாதியாக இருந்தபோது 0.5, செம்பெயர்ச்சியோடு (விரிவால் ஒளியின் அலைநீளம் எத்தனை பங்கு நீண்டது என்ற எண், அது கூடக்கூட தொலைவும் பழமையும் கூடும்) 1ஐக் கூட்டி, 1ஐ அதால் வகுத்தால் கிடைக்கும். மாறிலிதான் சரி என்றால் டபிள்யூ-0 மைனஸ் 1, டபிள்யூ-ஏ பூஜ்யம்.

இருள் ஆற்றலின் அடர்த்தி இன்றைக்கு இருப்பதைப்போல் எத்தனை மடங்கு என்பதற்கும் நேரான விடை உண்டு. அளவுக் காரணியை மைனஸ் 3 × (1 + டபிள்யூ-0 + டபிள்யூ-ஏ) என்ற அடுக்குக்கு உயர்த்துங்கள். அப்புறம் மைனஸ் 3 × டபிள்யூ-ஏ × (1 − அளவுக் காரணி) என்பதன் எக்ஸ்பொனென்ஷியலால் பெருக்குங்கள். கோடில் ஒரே வரி.

இந்த ஒரு வரியைக் கொஞ்சம் ஆற அமர ஓட்டிப் பாருங்கள், ஏனென்றால் இதில்தான் கதை இருக்கிறது. அரிசோனா தொலைநோக்கியில் கேலக்ஸிகளை அளக்கும் டெசி குழு 2025 மார்ச்சில் வெளியிட்ட அளவுகளை பின்னணிக் கதிரோடும் (ஆதிப் பிரபஞ்சத்தின் மிச்ச ஒளி) சிலி கேமராவில் பிடித்த டெஸ் சூப்பர்நோவாக்களோடும் சேர்த்தபோது கிடைத்தது டபிள்யூ-0 மைனஸ் 0.752, டபிள்யூ-ஏ மைனஸ் 0.86. இதைப் போட்டால் செம்பெயர்ச்சி 2இல் அடர்த்தி இன்றையதில் 0.74 மடங்கு. 1இல் 1.02 மடங்கு. 0.5இல் 1.12. 0.4 பக்கம் உச்சியைத் தொட்டு 1.13 ஆகிறது, அப்புறம் இறங்கி இன்று 1. அதாவது சுமார் 440 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை ஏறி, அதற்குப்பிறகு இறங்குகிறது. ஏறியதும் இறங்கியதும் கிட்டத்தட்ட சரிக்குச் சரியாக இருப்பதால், டபிள்யூவை மாறாத ஒரே எண்ணாக வைத்துப் பொருத்தினால் மைனஸ் 1க்கு ரொம்பப் பக்கத்தில்தான் விடை வரும், "மாறிலிதான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம். நிறைய பேர் பல வருடம் அதைத்தான் செய்தார்கள். இரண்டு எண்களையும் விட்டுப் பார்க்க வேண்டிய காரணம் இதுதான்.

என்ன தரவு, எங்கிருந்து

மூன்று வகை வேண்டும், மூன்றும் மூன்று வெவ்வேறு இயற்பியல்.

முதலாவது பிஏஓ, அதாவது பேரியான் ஒலி அலைவு. பிரபஞ்சம் பிறந்து முதல் சுமார் 380,000 ஆண்டுகள் சூடான பிளாஸ்மாவாக இருந்தபோது அதில் ஒலி அலைகள் ஓடின. குளிர்ந்ததும் அவை அப்படியே உறைந்தன. அவை ஓடிய தூரம் இன்றைய கணக்கில் 147 மெகாபார்செக், சுமார் 48 கோடி ஒளியாண்டு. கேலக்ஸிகள் ஒன்றுக்கொன்று இந்த இடைவெளியில் இருப்பது கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம், அதிகம். லட்சக்கணக்கில் கேலக்ஸிகளை எண்ணினால்தான் அது தெரியும். கிட் பீக்கில் 4 மீட்டர் மேயால் தொலைநோக்கியில் 5,000 ஃபைபர்களோடு பொருத்தியிருக்கும் டெசி கருவி அதைத்தான் செய்கிறது. இரண்டாவது வெளியீட்டில் 1.4 கோடிக்கும் மேற்பட்ட கேலக்ஸிகளும் குவேசர்களும். நமக்கு அந்தக் கோடி வரிசைகள் தேவையில்லை. ஏழு செம்பெயர்ச்சிகளில் சுருக்கிய பதிமூன்று எண்களும் அவற்றின் கோவேரியன்ஸும் (பிழைகள் ஒன்றோடொன்று எப்படித் தொடர்புடையவை என்ற அட்டவணை) போதும், ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல், செல்ஃபோன் டேட்டாவிலேயே இறக்கலாம்.

அந்த எண்கள் இரண்டு வகை. குறுக்குத் தூரம் ஒன்று, பார்வைக்கோட்டின் நெடுக்கில் இருக்கும் தூரம் இன்னொன்று. இரண்டும் ஒலி அளவுகோலால் வகுக்கப்பட்டிருக்கும். நெடுக்குத் தூரம் என்பது ஒளிவேகத்தை அந்தக் காலத்து ஹபிள் வேகத்தால், அதாவது பிரபஞ்சம் விரியும் வீதத்தால், வகுத்தது, அவ்வளவுதான். செம்பெயர்ச்சி 0.295இல் மட்டும் இரண்டும் கலந்த சராசரி ஒன்றே. குறுக்கும் நெடுக்கும் ஒன்றோடொன்று எதிர்த்திசையில் தொடர்புடையவை, ஒட்டுறவு மைனஸ் 0.4 முதல் மைனஸ் 0.5 வரை. அதை விட்டுவிட்டுப் பிழைகளைத் தனித்தனியாக வைத்துக் கணக்கிட்டால் விடை வரும், ஆனால் தப்பான விடை.

இரண்டாவது காஸ்மிக் பின்னணிக் கதிர். அதை அளந்த பிளாங்க் செயற்கைக்கோளின் முழு லைக்லிஹுட்டை (தரவுக்கு மாதிரி எவ்வளவு பொருந்துகிறது என்ற கணக்கு) ஓட்டத் தேவையில்லை, பழகுவதற்கு அது பெரிய தலைவலி. மூன்று எண்களாகச் சுருக்கிய வடிவம் இருக்கிறது: ஒலி எல்லை நம் கண்ணுக்குத் தெரியும் கோணம் (0.01041 ரேடியன்), பேரியான், அதாவது சாதாரணப் பொருளின், அடர்த்தி (0.02223), பேரியானும் இருள் பொருளும் சேர்ந்த அடர்த்தி (0.14208). இவற்றின் கோவேரியன்ஸும் டெசி கட்டுரையிலேயே அச்சாகியிருக்கிறது.

மூன்றாவது சூப்பர்நோவா. பாந்தியன் பிளஸ், யூனியன் 3, டெஸ் ஐந்தாண்டுத் தொகுப்பு என்று மூன்று பெரிய பட்டியல்கள். டெஸ் பட்டியலில் 1,829 இருக்கின்றன, அதில் 194 அருகிலுள்ளவை, வேறு ஆய்வுகளிலிருந்து எடுத்தவை. இந்த 194ஐ நினைவில் வையுங்கள், பின்னால் வரும். மூன்று பட்டியலையும் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது, பல சூப்பர்நோவாக்கள் ஒன்றுக்கு மேற்பட்ட பட்டியலில் இருக்கின்றன. ஒரே சாட்சியை மூன்று முறை கூண்டில் ஏற்றின கதையாகிவிடும். ஒரு நேரத்தில் ஒன்றுதான். நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு: டெஸ் தேடிப்பிடித்த சூப்பர்நோவாக்கள் சிலவற்றின் நிறமாலையை எடுத்தது நம் சதர்லேண்டில் 2005 முதல் வேலை செய்யும் சால்ட் தொலைநோக்கி.

தூரக் கணக்கை எழுதி, முதலில் அதைச் சரிபாருங்கள்

கோபாயா, கேம்ப் என்று ஆயத்த மென்பொருள்கள் இருக்கின்றன, கடைசியில் அவற்றுக்குப் போகலாம். ஆனால் முதல் தடவை கையாலேயே எழுதுங்கள். பைத்தானின் நம்பையும் சைபையும் போதும்.

ஒரு ஃபங்ஷன்: செம்பெயர்ச்சி கொடுத்தால், ஹபிள் வேகம் இன்றைக்கு இருப்பதைப்போல் எத்தனை மடங்கு என்று சொல்ல வேண்டும். பொருள் பங்கை, அதாவது இன்றைய மொத்த ஆற்றலில் பொருளின் பங்கை, (1 + செம்பெயர்ச்சி)யின் மும்மடியால் பெருக்கி, அதோடு இருள் ஆற்றல் பங்கையும் மேலே சொன்ன அடர்த்தி வரியையும் பெருக்கிக் கூட்டி, வர்க்கமூலம். இன்னொரு ஃபங்ஷன்: அதன் தலைகீழைப் பூஜ்யத்திலிருந்து அந்தச் செம்பெயர்ச்சிவரை தொகையிட்டால் குறுக்குத் தூரம்.

பிஏஓ மட்டும் வைத்துப் பார்க்கும்போது ஹபிள் மாறிலியையும் ஒலி அளவுகோலையும் தனித்தனியே பிரிக்க முடியாது, இரண்டின் பெருக்கல்தான் தெரியும். எனவே அந்தப் பெருக்கலையே ஒரு மாறியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சோதனை. பொருள் பங்கு 0.2975, ஹபிள் மாறிலியின் நூறில் ஒரு பங்கு பெருக்கல் ஒலி அளவுகோல் 101.54 மெகாபார்செக், மாறாத இருள் ஆற்றல். ஒளிவேகம் 299,792ஐ 10,154ஆல் வகுத்தால் 29.52. செம்பெயர்ச்சி 2.33இல் உங்கள் மடங்கு 3.42 வர வேண்டும், நெடுக்குத் தூர விகிதம் 8.64. டெசி அளந்தது 8.632, பிழை 0.101. இது வரவில்லை என்றால் மேலே போகாதீர்கள், கோடில் எங்கோ அடைப்புக்குறி தப்பியிருக்கிறது.

அடுத்து இதையே பிளாங்க் எண்களோடு செய்யுங்கள்: பொருள் பங்கு 0.315, ஹபிள் மாறிலி 67.4, அளவுகோல் 147.09. செம்பெயர்ச்சி 0.51இல் 22.73 வரும், டெசி அளந்தது 21.863, பிழை 0.425. 0.706இல் 20.16 வரும், அளந்தது 19.455, பிழை 0.330. இரண்டுமே இரண்டு சிக்மா கீழே. 0.934இல் 17.57க்கு 17.641, பிழை 0.193, எந்தச் சண்டையும் இல்லை. இப்படி ஒவ்வொரு புள்ளியையும் கண்ணால் பார்த்துவிட்டுப் போனால், பின்னால் எம்சிஎம்சி (மாறிகளின் மதிப்புகளைச் சீரற்று மாற்றி மாற்றிப் பார்க்கும் முறை) துப்புகிற, பொருந்தும் மதிப்புகளைக் காட்டும் வளையங்கள் எங்கிருந்து வந்தன என்று தலைகால் புரியாமல் நிற்க வேண்டியதில்லை. இன்னொன்று: 2024 ஏப்ரலில் வந்த முதல் வெளியீட்டில் அந்த 0.51 புள்ளி 20.98ஆக இருந்தது, பிழை 0.61. தரவு கூடியதும் மாதிரியை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. அதே சமயம் ஒட்டுமொத்த முரண் குறையவில்லை, கூடியிருக்கிறது; எனவே "அந்த ஒரு புள்ளிதான் கோளாறு" என்ற பழைய சமாதானம் இப்போது எடுபடாது.

பின்னணிக் கதிரைச் சேர்க்கும்போது இரண்டு இடத்தில் கால் வழுக்கும். ஒன்று, செம்பெயர்ச்சி 1090வரை தொகையிடும்போது கதிர்வீச்சின் பங்கையும் சேர்த்தாக வேண்டும். பிஏஓவுக்கு விட்டுவிடலாம், இங்கே விட்டால் எல்லாம் போச்சு. இரண்டு, கோணத்துக்குப் பயன்படும் ஒலி எல்லை 144.4 மெகாபார்செக், பிஏஓவுக்குப் பயன்படுவது 147.1. இரண்டும் வேறு வேறு காலத்துக்கானவை, பெயர் ஒன்றுபோல இருப்பதால் மாற்றிப் போட்டுவிடுவார்கள்.

சேர்ப்பதற்கு முன் தனித்தனியாக

எல்லாரும் அவசரப்பட்டுத் தாண்டுகிற படி இதுதான், எனக்கோ இதுதான் முழுச் சோதனையிலும் முக்கியமானது. டபிள்யூவை மைனஸ் 1இல் பூட்டிவிட்டு, ஒவ்வொரு தரவையும் தனியாகப் பொருத்துங்கள், பொருள் பங்கு என்ன வருகிறது என்று எழுதிவையுங்கள்.

டெசி மட்டும்: 0.2975, பிழை 0.0086. பிளாங்க்: 0.315, பிழை 0.007. பாந்தியன் பிளஸ்: 0.331, பிழை 0.018. டெஸ் சூப்பர்நோவா: 0.352, பிழை 0.017. யூனியன் 3: 0.356, பிழை 0.027 பக்கம்.

இருள் ஆற்றல் மாறிலிதான் என்றால் இவை எல்லாம் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை, படிப்படியாக ஏறிக்கொண்டு போகின்றன. "மாறும் இருள் ஆற்றல்" என்று செய்தியாவது பெரும்பாலும் இந்தச் சின்ன முரண்தான்: மாறாத டபிள்யூவோடு சமரசம் ஆகாத இந்த எண்களை, இரண்டு புதிய மாறிகள் வந்து சமரசம் செய்து வைக்கின்றன. இயற்கை உண்மையிலேயே அப்படி இருக்கலாம். அல்லது மூன்றில் ஒருவருடைய அளவையில் ஒரு சதவீதம், இரண்டு சதவீதம் கோணல் இருக்கலாம். பொருத்துகிற கோடுக்கு இந்த வித்தியாசம் தெரியாது, நமக்குத்தான் தெரிய வேண்டும்.

சேர்த்துப் பொருத்துவது

இப்போது டபிள்யூ-0, டபிள்யூ-ஏ இரண்டையும் திறந்துவிடுங்கள். டபிள்யூ-0க்கு மைனஸ் 3 முதல் 1 வரை, டபிள்யூ-ஏவுக்கு மைனஸ் 3 முதல் 2 வரை, இரண்டின் கூட்டல் பூஜ்யத்துக்குக் கீழே; கடைசி நிபந்தனை இல்லாவிட்டால் ஆதிகாலத்தில் இருள் ஆற்றலே பொருளை மீறிவிடும் முட்டாள்தனமான பிரபஞ்சங்கள் உள்ளே வந்துவிடும்.

சூப்பர்நோவாவில் உண்மையான ஒளிர்வு எவ்வளவு என்று தெரியாததால், ஒரு பொது நகர்வு எண்ணையும் மாறியாக வைக்க வேண்டும். செம்பெயர்ச்சி 0.01க்குக் கீழே இருப்பவற்றை வெட்டுங்கள், அங்கே கேலக்ஸிகளின் சொந்த ஓட்டம் கலந்துவிடுகிறது. கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸை ஒவ்வொரு அடியிலும் தலைகீழாக்காமல், ஆரம்பத்தில் ஒருமுறை கோலெஸ்கி (மேட்ரிக்ஸை முக்கோணக் காரணிகளாகப் பிரிப்பது) செய்து வைத்துக்கொண்டால் நேரம் மிச்சம்.

எம்சீ என்ற பைத்தான் பொதி போதும், படம் வரைய கெட்டிஸ்ட். லேப்டாப்பில் இரவு ஓடவிட்டால் காலையில் தயார். டிஸ்கில் சேமித்துக்கொண்டே போகும் வசதி அதில் இருக்கிறது, அதைக் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். லோட்ஷெடிங் (மின்வெட்டு) காலத்தைப் பார்த்த நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. படிப்பு விஷயமாகப் பெரிதாகப் போக வேண்டும் என்றால் கேப் டவுனில் இலிஃபு என்ற ஆய்வுக் கணினி மையம் இருக்கிறது, உங்கள் மேற்பார்வையாளர் மூலம் கணக்குத் திறக்கலாம், ஆனால் இந்த அளவுக்கு அது தேவையே இல்லை.

வளையங்கள் வந்ததும் அதை மட்டும் பார்த்து முடிவுசொல்லாதீர்கள். டபிள்யூ-0வும் டபிள்யூ-ஏவும் ஒன்றுக்கொன்று எதிராக நீண்டு கிடக்கும், அதனால் தனித்தனிப் பிழைகள் பெரிதாகத் தெரியும். எம்சிஎம்சி சராசரியோடு, மினிமைசரை ஓட்டி மிகக்குறைந்த கை ஸ்கொயரையும் (மாதிரிக்கும் தரவுக்கும் உள்ள மொத்த விலகல்) எடுத்துக்கொள்ளுங்கள். மாறிலி மாதிரிக்கு ஒன்று, மாறும் மாதிரிக்கு ஒன்று. இரண்டின் வித்தியாசம்தான் நமக்கு வேண்டியது.

அதைச் சிக்மாவாக்குவது சுலபம். கூடுதல் மாறிகள் இரண்டு என்றால், தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வருவதற்கான வாய்ப்பு என்பது வித்தியாசத்தில் பாதியை மைனஸ் போட்டு எடுத்த எக்ஸ்பொனென்ஷியல். டெசியும் பின்னணிக் கதிரும் மட்டும் சேர்ந்தால் வித்தியாசம் 12.5, வாய்ப்பு ஆயிரத்தில் இரண்டுக்குக் கொஞ்சம் குறைவு, 3.1 சிக்மா. பாந்தியன் பிளஸைச் சேர்த்தால் 10.7, 2.8 சிக்மா. யூனியன் 3ஐச் சேர்த்தால் 17.4, 3.8 சிக்மா. டெஸ் சேர்த்தால் 21.0, 4.2 சிக்மா. டெசி மட்டும் தனியே என்றால் 4.7, 1.7 சிக்மாவுக்குமேல் இல்லை.

"அண்ணா, மூணு சிக்மா தாண்டிட்டா போதாதா?" என்று கேட்பார்கள். போதாது தம்பி. துகள் இயற்பியலில் கண்டுபிடிப்பு என்று சொல்ல ஐந்து வேண்டும் என்பது சும்மா வீம்புக்கு வைத்த விதி இல்லை. மூன்று சிக்மாவில் வந்து மறைந்துபோனவை ஏகப்பட்டவை. தவிர, நான்கு சேர்க்கைகளை ஓட்டிவிட்டு அதில் பெரியதை மட்டும் சொல்வது நியாயமில்லை.

உடைத்துப் பார்ப்பது

ஒவ்வொரு தரவாக வெளியே எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். முதலில் 0.51 புள்ளி. அப்புறம் 0.706. அப்புறம் பின்னணிக் கதிரை முழுக்க. ஒவ்வொரு தடவையும் கை ஸ்கொயர் வித்தியாசத்தை எழுதிவையுங்கள்.

சூப்பர்நோவாவில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். இருள் ஆற்றல் கடந்த 440 கோடி ஆண்டுகளில் இறங்குகிறதா என்று சொல்வது, அருகிலிருக்கும் சூப்பர்நோவாக்களை தூரத்திலிருப்பவற்றோடு ஒப்பிடுவதில்தான் பெரிதும் இருக்கிறது. டெஸ் பட்டியலில் தூரத்தவை எல்லாம் ஒரே கேமராவில் எடுத்தவை, அந்த 194 அருகிலுள்ளவை பழைய, வேறு வேறு தொலைநோக்கிகளில் எடுத்தவை. விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் ஒரு கடைத் தராசில் நிறுத்த மிளகாய்த்தூளையும் அடுத்த கடைத் தராசில் நிறுத்ததையும் ஒப்பிட்டு எது கனம் என்று சண்டை போடுவது மாதிரி: தராசுகள் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். 2024இல் எஃப்ஸ்டாத்யூ என்ற ஆய்வாளர், பாந்தியன் பிளஸிலும் டெஸ்ஸிலும் பொதுவாக இருப்பவற்றை வைத்துப் பார்த்து, அருகிலுள்ளவற்றுக்கும் தூரத்தவற்றுக்கும் இடையே சுமார் 0.04 மேக்னிட்யூட் (ஒளிர்வின் அலகு) நழுவல் இருப்பதாகச் சுட்டிக்காட்டினார். 0.04 மேக்னிட்யூட் என்பது தூரத்தில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு. டெஸ் குழு அதற்கு விளக்கம் கொடுத்தது, விவாதம் தொடர்ந்தது. 2025இன் கடைசியில் டெஸ் குழுவே அளவுத்திருத்தத்தை மறுபடி செய்தபோது 4.2 சிக்மா 3.2ஆகக் குறைந்தது. வாட்ஸ்அப்பில் இன்னும் பழைய எண்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். செம்பெயர்ச்சி 0.1க்குக் கீழே இருப்பவற்றுக்கு மட்டும் இன்னொரு நகர்வு எண் கொடுத்து, அதையும் பொருத்தவிடுங்கள். சூப்பர்நோவா தந்த பலம் எவ்வளவு கரைகிறது, அந்த நகர்வு எண் என்ன மதிப்பில் போய் உட்காருகிறது என்று பாருங்கள். அதே சமயம் சூப்பர்நோவாவை முழுக்கத் தூக்கிவிட்டாலும் 3.1 சிக்மா மிச்சம் இருக்கிறது என்பதையும் மறக்கக்கூடாது. "எல்லாம் சூப்பர்நோவா கோளாறு" என்று முடிப்பவர்களுக்கு அதுதான் பதில்.

நியூட்ரினோவையும் ஒரு கை பாருங்கள். மாறாத இருள் ஆற்றலோடு டெசியையும் பின்னணிக் கதிரையும் பொருத்தினால் நியூட்ரினோக்களின் மொத்த நிறை 0.064 எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே என்று வருகிறது. ஆய்வகச் சோதனைகளின்படி அது குறைந்தது 0.059 இருந்தாக வேண்டும். மூச்சுவிட இடமில்லை. டபிள்யூவைத் திறந்துவிட்டால் எல்லை 0.16க்குப் போய்விடுகிறது, நெரிசல் தீர்கிறது. முரண் உண்மையானது என்பதற்கு இது ஒரு ஆதரவு என்று சிலர் சொல்கிறார்கள், அதே முரணின் இன்னொரு முகம்தான் இது என்று நான் நினைக்கிறேன். இரண்டு தனிச் சாட்சியாக எண்ண முடியாது.

போலித் தரவு: விட்டுவிடக்கூடாத படி

மாறிலிதான் உண்மை என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து போலி டெசி, போலி சூப்பர்நோவா, போலிப் பின்னணிக் கதிர் எண்களைத் தயாரியுங்கள். மாதிரி சொல்லும் மதிப்போடு, கோலெஸ்கி மேட்ரிக்ஸால் பெருக்கிய சீரற்ற எண்களைக் கூட்டினால் ஆயிற்று. ஆயிரம் தடவை தயாரித்து, ஒவ்வொன்றுக்கும் மினிமைசர் ஓட்டி, கை ஸ்கொயர் வித்தியாசம் 12.5ஐத் தாண்டியது எத்தனை என்று எண்ணுங்கள். இரண்டு பக்கம் வந்தால் உங்கள் கோடும் அந்த எக்ஸ்பொனென்ஷியல் விதியும் ஒத்துப்போகின்றன. இருபது வந்தால் கோவேரியன்ஸிலோ மினிமைசரிலோ பிழை.

அப்புறம் இதே போலித் தரவில் அருகிலுள்ள சூப்பர்நோவாக்களை மட்டும் வேண்டுமென்றே 0.04 நகர்த்திவிட்டு மறுபடி ஓட்டுங்கள். மாறிலிப் பிரபஞ்சத்திலிருந்து எடுத்த தரவு எந்தப் பக்கம் சாய்கிறது, எத்தனை சிக்மா சாய்கிறது என்று உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடுவீர்கள். பத்து கட்டுரை படிப்பதைவிட இது மேல்.

முடிந்தால் டெசி குழு செய்வது மாதிரி, உண்மைத் தரவை மறைத்தே வேலை செய்யுங்கள்: நண்பர் ஒருவரை உங்கள் ஃபைலில் ரகசியமாக ஒரு நகர்வைச் சேர்க்கச் சொல்லி, கோடு முழுக்கச் சரியான பிறகே அதை எடுக்கச் சொல்லுங்கள். விடை தெரிந்துவிட்டால் பிழை தேடுவதை மனம் தானாகவே நிறுத்திவிடும்.

கரூவிலிருந்து என்ன வரப்போகிறது

சிபிஎல் ஒரு நேர்கோடு, அவ்வளவுதான். தரவின் பலம் எல்லாம் செம்பெயர்ச்சி 1க்குக் கீழே இருக்கிறது. அதற்கு மேலே டபிள்யூ மைனஸ் 1க்குக் கீழே போவதாக வருவதில் பெரும்பகுதி அந்தக் கோட்டை நீட்டியதால் வந்தது. அந்தப் பக்கத்தை நேராக அளக்கத்தான் நம் க்வாஸூலு-நடால் பல்கலைக்கழகம் முன்னின்று நடத்தும் ஹைராக்ஸ் ரேடியோ தொலைநோக்கி. 6 மீட்டர் டிஷ்களை வரிசையாக நிறுத்தி, தனித்தனி கேலக்ஸிகளைப் பார்க்காமல், ஹைட்ரஜன் தரும் 1420 மெகாஹெர்ட்ஸ் அலையை மொத்தமாக வரைபடமாக்குவது திட்டம். அது வேலை செய்வது 400 முதல் 800 மெகாஹெர்ட்ஸ் வரை. 1420ஐ வகுத்துப் பாருங்கள், செம்பெயர்ச்சி 0.8 முதல் 2.5 வரை வரும். கரூ வறள்நிலத்தில் கார்னார்வன் பக்கத்தில் ஏற்கெனவே நிற்கும் மீர்காட் ரேடியோ தொலைநோக்கியின் 64 டிஷ்களும் இதே முறையில் 580 முதல் 1015 மெகாஹெர்ட்ஸில், அதாவது செம்பெயர்ச்சி 0.4 முதல் 1.45 வரை, வானத்தை வரைந்துகொண்டிருக்கின்றன.

எதிர்பார்ப்பை மட்டும் அளவோடு வையுங்கள். செம்பெயர்ச்சி 2இல் மொத்த ஆற்றலில் இருள் ஆற்றல், மாறிலி என்றால் ஏழரை சதவீதம், மேலே சொன்ன மாறும் மாதிரி என்றால் ஐந்தரைக்குக் கொஞ்சம் மேல். ஹபிள் வேகத்தில் வித்தியாசம் ஒரே ஒரு சதவீதம். கையில் கோடு தயாராக இருக்கிறது, எனவே செம்பெயர்ச்சி 1, 1.5, 2இல் மூன்று போலி நெடுக்குத் தூரப் புள்ளிகளைச் சேர்த்து, பிழையை முதலில் இரண்டு சதவீதம், அப்புறம் ஒன்று, அப்புறம் அரை என்று குறைத்துக்கொண்டே போங்கள். எந்த இடத்தில் வளையம் உண்மையிலேயே சுருங்க ஆரம்பிக்கிறதோ, அந்த டிஷ்கள் எட்ட வேண்டிய துல்லியம் அது.